வருத்தம் என்றுதான் சொன்னாள்

ஏனுங்க அம்முணி, உங்களுக்குப் பொடி எழுத்துத் தெரியுங்களா? கண்ணாடி போட்டிருக்கீங்களே, அதான் கேட்டேன். எனக்குப் போன மாசம்தான் வலது கண்ணுல புரை எடுத்தாங்க. இடது கண்ணு இன்னும் பாக்கி. ஆளு மூஞ்சி தெரியும், பஸ்ஸு போர்டு தெரியும், பொடி எழுத்து மட்டும் எறும்பு மாதிரி ஊருது. ஒரே ஒரு தாளுங்க. அதுல நாலே நாலு வரி. நான் இறங்கறதுக்குள்ள ஒருக்கா வாசிச்சுச் சொன்னீங்கன்னா, ஆபீசர் முன்னால தடுமாறாம சொல்லிடுவேன்.

இப்பவே வேண்டாம். இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும்ங்கறான் கண்டக்டர். என்ன ஏதுன்னு தெரியாம வாசிச்சா உங்களுக்கும் புரியாது. முதல்ல சங்கதியைக் கேளுங்க.

நான் நர்ஸுங்க. தாழையூர் கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில முப்பத்தோரு வருஷம். வர்ற ஜூன்ல ரிட்டையர்டு. பேரு பைந்தமிழ்ச்செல்வி. சிரிக்கணும்னா சிரிச்சுக்கங்க, எல்லாரும் சிரிக்கறதுதான். எங்கப்பா தமிழ் வாத்தியாரு. வீட்டுல ஒற்று விட்டு எழுதினா அன்னிக்கு சாயங்காலம் விளையாடப் போக முடியாது. அகராதியை எடுத்து வச்சுக்கிட்டு, அச்சடிச்சவன் பண்ணின பிழையைக்கூடத் தேடித் தேடிச் சிவப்பு மையில திருத்துவாரு. அப்படி ஒரு மனுஷன். அவரு மகளைப் பார்த்து, தமிழ் புரியாம ஒரு உசுரைக் காவு குடுத்துட்டேன்னு மெமோ குடுத்திருக்கறானுங்க. எனக்கு! அதுக்குத்தான் இன்னிக்குப் பதினோரு மணிக்கு என்கொயரி. முப்பத்தோரு வருஷத்துல இது முதல் மெமோ. கெட்ட பேரு இல்லாம வெளிய வரணும், அவ்வளவுதான் நான் கேக்கறது.

இது எல்லாத்துக்கும் காரணம் அந்த ட்ரெய்னிங்குங்க.

எங்க ஊர்ல நூல் மில்லு ஜாஸ்தி. பீகாரு, ஒரிசா, பெங்காலுன்னு எங்கெங்கே இருந்தோ வந்து குவிஞ்சு கிடக்கறாங்க. இந்தப் பக்கம் இலங்கைக்காரங்க முகாம். அந்தப் பக்கம் மலைக்கு மேல வேற ஆளுங்க. ஓபியில ஒரு நாளைக்கு எட்டு பாஷை கேட்கும். அதுக்காக, சென்னையில இருந்து ஒரு பொம்பளையை அனுப்பினாங்க. கைத்தறிச் சேலை, காதுல மண்ணுல செஞ்ச தோடு. தோடே மண்ணுன்னா மத்தது எப்படி இருக்கும்னு நான் அப்பவே பக்கத்துல இருந்த சிஸ்டர் கிட்டச் சொன்னேன். ரெண்டு நாளு. நோயாளியோட பண்பாட்டை மதிக்கணுமாம். சுவத்துல படம் போட்டுக் காட்டறா. முப்பது வருஷமா மலம் அள்ளி, சீழ் துடைச்சு, பிரசவம் பார்த்தவளுக்கு, நேத்துப் பொறந்தது மதிக்கச் சொல்லிக் குடுக்குது.

அதுலயும் ஒரு கூத்து கேளுங்க. நோயாளி என்ன சொல்றாரோ அதை நாம திருப்பிச் சொல்லணுமாம். "அப்படின்னா உங்களுக்கு இதுதான் தொந்தரவு, நான் புரிஞ்சுக்கிட்டது சரிங்களா?"ன்னு கேக்கணுமாம். ஒவ்வொருத்தர் கிட்டயும்! நான் கையைத் தூக்கி, "ஏனுங்க மேடம், காலைல முந்நூறு சீட்டு. திருப்பித் திருப்பிச் சொல்ல நான் என்ன கிளியா?"ன்னு கேட்டேன். எல்லாரும் கைதட்டிச் சிரிச்சாங்க. அவளும் சிரிச்சா. சிரிச்சுட்டு, "தெரியாத பாஷையில நாமளே ஜாக்கிரதையா இருப்போம் சிஸ்டர். தெரிஞ்ச பாஷையிலதான் ஏமாறுவோம்"னா. என்ன உளர்றான்னு நான் டீ குடிக்கப் போயிட்டேன்.

ஆனா சொன்னதை நான் செய்யாம இல்லைங்க. அதையும் நீங்க தெரிஞ்சுக்கணும். ட்ரெய்னிங் முடிஞ்சதும் உதவி மேசைன்னு ஒண்ணு போட்டு என்னை உட்கார வச்சாங்க. யார் வந்தாலும் என்ன தொந்தரவுன்னு கேட்டு, எந்த ரூமுன்னு சீட்டுல எழுதி அனுப்பணும். எனக்கு முன்னால இந்திக்குத் தமிழ் போட்ட சார்ட்டு ஒட்டியிருக்கும். தர்த்னா வலி. பேட்னா வயிறு. ஒரு நாளு ஒரு பீகார்ப் பையன் வந்து புகார் புகார்னு நிக்கறான். யாரு மேலடா புகாருன்னு அதட்டினேன். திரும்பவும் புகாருங்கறான். அப்புறம் சார்ட்டைப் பார்த்தா, புகார்னா அவங்களுக்குக் காய்ச்சலாம்! நாலு நாளாக் காய்ச்சல், டெங்கு. அன்னிக்கே பெட்டுல போட்டோம், பொழச்சுக்கிட்டான். இன்னொரு நாளு ஒரிசாக்காரி, ஈசிஜி எடுக்க ஆம்பளை முன்னால மாராப்பை எடுக்க மாட்டேன்னு அழுதா. நானே போயி ஸ்கிரீனை இழுத்து விட்டு, நானே ஒயரை ஒட்டினேன். அதுக்கெல்லாம் எவனும் மெமோ குடுக்கலை, மாலையும் போடலை.

அதெல்லாம் வேத்து பாஷை. நமக்குத் தெரியாதுன்னு நமக்கே தெரியும், சார்ட்டைப் பார்த்தோம். தமிழுக்கு எவனாவது சார்ட்டு ஒட்டுவானுங்களா?

அன்னிக்குச் செவ்வாய்க்கிழமை. ஒன்பது, ஒன்பதே காலு இருக்கும். முகாமுல இருந்து ஒரு பொண்ணு, சுகிர்தான்னு பேரு, அவ அம்மாவைக் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டு வர்றா. அந்தம்மா பேரு சிவபாக்கியம், அம்பத்தெட்டு வயசு. இந்தப் பொண்ணை எனக்குத் தெரியுங்க. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஜவுளிக் கடையில நிக்கறவ. கடையில, "அக்கா, இந்தக் கலரு உங்களுக்கு எடுப்பா இருக்கும்"னு நம்மளை மாதிரியேதான் பேசுவா. ஆஸ்பத்திரிக்கு வந்தா மட்டும் இலங்கைப் பேச்சு. என்ன சொல்றா தெரியுங்களா?

"மிஸ்ஸி, அம்மாவுக்கு வருத்தம். சரியாக் களைக்குது. ஒருக்காப் பாருங்கோ."

மிஸ்ஸியாம்! முப்பத்தோரு வருஷம் சிஸ்டரு நானு. சரி, அதை விடுங்க. வருத்தமா இருக்கு, களைப்பா இருக்கு. புரிஞ்சுது இல்லீங்களா? உங்களுக்குப் புரியுது, எனக்கும் புரிஞ்சுது. இருந்தாலும் கேட்டேன். கேக்கலைன்னு மெமோவுல எழுதியிருக்கறான் பாருங்க, பச்சைப் பொய்யி. நாலு கேள்வி கேட்டேன்.

"என்ன வருத்தம் கண்ணு?"ன்னேன்.

"என்ன வருத்தமெண்டு எங்களுக்குத் தெரியாது மிஸ்ஸி. அதுக்குத்தானே வந்தனாங்கள்" அப்படிங்கறா.

"எத்தனை நாளா?"

"முந்தநாள் துவங்கினது. ஊரில இருக்கேக்கையும் ஒருக்கா வந்தது. பிறகு சுகமாயிட்டுது."

"வீட்டுல வேற யாருக்காச்சும் இப்படி இருந்துச்சா?"

"அம்மம்மா இந்த வருத்தத்திலதான் மோசம் போனவ."

மோசம் போனாங்களாம். நாட்டை நம்பி மோசம் போனாங்களோ, ஆளை நம்பி மோசம் போனாங்களோ, நமக்கெதுக்கு. ஊர்ல இருக்கும்போதே வந்த வருத்தம், என்ன வருத்தம்னு அவங்களுக்கே தெரியலை. நீங்களே சொல்லுங்க அம்முணி, இதை வேற எப்படி எடுத்துக்கறது? அந்தச் சென்னைக்காரி அச்சு அசலா இதைத்தான் படம் போட்டுக் காட்டினா. முகாமுல இருக்கறவங்க சண்டையைப் பார்த்தவங்க, சாவைப் பார்த்தவங்க, மனசுல இருக்கறதை லேசுல வெளிய சொல்ல மாட்டாங்க, சொன்னா மதிச்சுக் கேளுங்க, பதினாலாம் நம்பர் ரூமுக்கு அனுப்புங்கன்னா. நான் மதிச்சேன். மதிச்சுத்தான் அனுப்பினேன். சீட்டுல "மனவருத்தம், சோர்வு"ன்னு எழுதி, பதினாலுன்னு போட்டேன். ஒற்றுப்பிழை கிடையாது.

பதினாலுல கவுன்சிலரு. வார்டு கவுன்சிலரு இல்லீங்க, மனசு கவுன்சிலரு. அந்தத் தம்பி பதினொண்ணுக்குத்தான் வருவான். வாரத்துல மூணு நாளு இங்கே, மூணு நாளு வேற ஊரு. வெளிய பெஞ்சு இருக்கு, ஃபேனு இருக்கு, உட்காருங்கன்னேன்.

அந்தப் பொண்ணு ரெண்டு தடவை திரும்ப வந்தா. "மிஸ்ஸி, அம்மாவால கதைக்க ஏலாம இருக்கு, டொக்டர் எப்ப வருவார்?"னா. கதை சொல்ல முடியலைன்னா எதுக்கு அவசரம், முடியறப்போ சொல்லட்டும்னு நினைச்சேன். "அவங்களைக் கட்டாயப்படுத்தாதே கண்ணு, தானா பேசட்டும்"னு சொல்லி அனுப்பினேன். அதுவும் ட்ரெய்னிங்குல சொன்னதுதான். அந்த அம்மாளைக் கல்நெஞ்சோட விட்டுட்டேன்னு எவனாவது சொன்னா நாக்கு அழுகிப் போயிடும். நானே கேண்டீனுக்குப் போயி டீ வாங்கிக் குடுத்தேன். பெஞ்சு விளிம்புல, முன்னால குனிஞ்சு, முட்டி மேல ரெண்டு கையையும் ஊணிக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. தோளைத் தட்டி, "எல்லாம் சரியாப் போயிடுமுங்க, மனசுல வச்சுக்காதீங்க"ன்னேன். என்னைப் பார்த்துக் கும்பிட்டாங்க. பேசலை. டீயை வாங்கிப் பக்கத்துல வச்சாங்க.

பதினொண்ணே காலுக்கு அந்தத் தம்பி வந்து ரூமைத் திறந்து, "வாங்கம்மா, உங்க வருத்தத்தைச் சொல்லுங்க"ன்னு நாற்காலியை இழுத்துப் போட்டிருக்கறான். எந்திரிச்சு ரெண்டு எட்டு வச்சாங்களாம். அவ்வளவுதான்.

சத்தம் கேட்டு ஓடினேனுங்க. நெஞ்சை அமுக்கினது நானு. வாயில ஊதினது நானு. ட்யூட்டி டாக்டரு வர்ற வரைக்கும் விடலை. மூச்சு வந்துச்சு, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். மூணாம் நாளு போயிட்டாங்கன்னு சேதி வந்துச்சு. இருதயமாம். நுரையீரல்ல தண்ணி கோத்திருந்துச்சாம். ரெண்டு மணி நேரம் முன்னால ஊசி போட்டிருந்தா பொழச்சிருப்பாங்கன்னு எழுதிட்டான்.

எழுதினது யாருன்னு நினைக்கறீங்க? எங்க ஆஸ்பத்திரியிலயே நிக்சன்னு ஒரு டாக்டருப் பையன். ராமேஸ்வரம் பக்கம். மீசை இப்பத்தான் முளைக்குது. அவன் வந்து எல்லாரு முன்னாலயும் அந்தச் சீட்டைக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கறான். "சிஸ்டர், அவங்க பேச்சுல வருத்தம்னா நோய். களைக்குதுன்னா மூச்சு வாங்குது. மோசம் போயிட்டாங்கன்னா செத்துட்டாங்கன்னு அர்த்தம். கதைக்க ஏலாதுன்னா பேச முடியலைன்னு அர்த்தம். அந்தப் பொண்ணு உங்க கிட்ட அத்தனையும் சொல்லியிருக்கா"ங்கறான். நல்லா இருக்குதுங்களா இது? கடலோரத்துல பொறந்தா எல்லாம் தெரிஞ்சுடுமா? பதட்டத்துல அவளுக்கு வீட்டுப் பேச்சுதான் வாயில வந்திருக்கும்னு அவளுக்கு வக்காலத்து வேற. நான் கேட்டேன், "ஏன் டாக்டரே, தமிழ்ல வருத்தம்னா வருத்தம்தானே? அவங்கவங்க இஷ்டத்துக்கு அர்த்தம் வச்சுக்கிட்டா அதுக்கு நான் ஆளா?"ன்னு. சீட்டை மடிச்சுப் பையில போட்டுக்கிட்டான். போயி மெமோவுக்கு எழுதிட்டான். "நோய் என்று உறவினர் தெளிவாகத் தெரிவித்தும்"னு எழுதியிருக்கறான். நோய்ங்கற சொல்லே அவ வாயில இருந்து வரலீங்க!

அப்பத்தான் எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. அவ கிட்டயே எழுதி வாங்கிட்டா?

காரியமெல்லாம் முடியட்டும்னு இருந்து, போன ஞாயித்துக்கிழமை முகாமுக்குப் போனேன். அங்கெல்லாம் நான் போனதே இல்லை. வரிசையாப் பத்துக்குப் பத்து வீடு. சண்டைக்கு நிப்பா, நாலு பேரைக் கூட்டுவான்னு நினைச்சுத்தான் போனேன். ஒண்ணும் இல்லை. பாயை விரிச்சு உட்காரச் சொன்னா. பால் இல்லாம வெறும் டீத்தண்ணி போட்டு, சக்கரையைத் தனியா உள்ளங்கையில குடுத்தா. அப்படித்தான் குடிப்பாங்களாம், ஒரு கடி சக்கரை, ஒரு வாய் டீ. என்ன பழக்கமோ. சுவத்துல அந்தம்மா போட்டோ. ஆஸ்பத்திரி பெஞ்சுல பார்த்ததை விட அதுல சின்ன வயசாத் தெரிஞ்சாங்க. நான் அந்தப் பக்கம் பார்க்காம உட்கார்ந்துக்கிட்டேன்.

நானே எழுதிக்கிட்டுப் போயிருந்தேன், நல்ல தமிழ்ல. "என் தாயாருக்கு வருத்தம் என்றுதான் செவிலியரிடம் சொன்னேன். நோய் என்ற சொல்லை நான் சொல்லவில்லை." ரெண்டே வரி. அவ அதை வாங்கி ரெண்டு தடவை வாசிச்சா. மூணாவது தடவையும் வாசிச்சா. அப்புறம் தலையை ஆட்டினா. "ஓம் மிஸ்ஸி. இது உண்மைதான். வருத்தமெண்டுதான் சொன்னனான்"னுட்டுக் கையெழுத்துப் போட்டா. அழுத்திப் போட்டா, பேனா தாள்ல பதிஞ்சு போச்சு.

"இதை ஆர் வாசிப்பினம்?"னு கேட்டா.

"பெரிய ஆபீசரு வாசிப்பாரு"ன்னேன்.

"அப்ப கட்டாயம் குடுங்கோ மிஸ்ஸி" அப்படின்னா.

அவ்வளவு சுலபமா வேலை முடிஞ்சுது. படிச்ச பொண்ணுன்னு சொல்றாங்க, வேற ஒரு கேள்வி கேக்கலை பாருங்க. அவளே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டா, இனி அந்த நிக்சன் என்ன பண்ணுவான்? தெரு முனை வரைக்கும் வந்து, மழை வர்ற மாதிரி இருக்கு மிஸ்ஸின்னு அவ குடையைக் குடுத்தா. அதுதான் இந்தக் குடை. திருப்பிக் குடுக்கப் போகணும், கால் வரமாட்டேங்குது.

அது ஒரு சாட்சி. இன்னொண்ணுதான் இந்தத் தாளு. எங்கப்பாவோட அகராதி, வீட்டுல பீரோ மேல இருக்கு. எடுத்துத் தூசி தட்டி, வருத்தம்ங்கற சொல்லைத் தேடிப் பிடிச்சேன். பூதக்கண்ணாடி வச்சுப் பார்த்தா, முதல்லயே "துன்பம்"னு போட்டிருக்கு. அதுக்கு மேல என்ன வேணும்? ஜெராக்ஸ் கடைக்காரப் பையன் கிட்டக் குடுத்து அந்தப் பக்கத்தை எடுத்து, அந்தச் சொல்லு இருக்கற இடத்துல மஞ்சப் பேனா போடச் சொன்னேன். தமிழுக்கு மேல சாட்சி ஏது? ஆபீசர் கிட்ட இதைப் போட்டு, இந்தாங்க சார், இதுதான் தமிழு, இதுல எங்கே இருக்கு அந்தப் பையன் சொன்ன அர்த்தம்னு கேக்கப் போறேன்.

இந்தாங்க. மஞ்சள் இருக்குதுங்களா? அதுதான். வாசிங்க, சத்தமாவே வாசிங்க, பஸ்ஸுல இருக்கறவங்களும் கேக்கட்டும்.

துன்பம். கேட்டுக்கங்க! அப்புறம்?

களைப்பு. அட, களைப்பும் இருக்குதா? அந்தப் பொண்ணு சொன்ன ரெண்டும் ஒரே இடத்துல இருக்குது பாருங்க. நான் சீட்டுல எழுதினது அப்படியே இருக்குது. சொல்லுங்க, அப்புறம்?

ஏன் நிறுத்திட்டீங்க?

வாசிங்க அம்முணி.

என்னது?

இல்லை, நல்லாப் பாருங்க. அது கீழ இருக்கற அடுத்த சொல்லா இருக்கும். மஞ்சளுக்குள்ளேயேவா இருக்கு?

நோய்.

அச்சுப்பிழையா இருக்கும். பழைய பொஸ்தகம் அம்முணி, எழுத்தெல்லாம் கோத்து அடிச்ச காலத்துது. பக்கத்துல ஏதாவது கையில எழுதியிருக்குதா பாருங்க. எங்கப்பா திருத்தியிருப்பாரு. ஜெராக்ஸ்ல சிவப்பும் கருப்பாத்தான் விழும். ஒரு அடிச்ச கோடு இருக்குதா? ஒரு சுழி? ஓரத்துல ஒரு புள்ளி கூடவா இல்லை?

அவரு விட மாட்டாரே.

கட்டாயம் குடுங்கோன்னாளே அம்முணி. மூணு தடவை வாசிச்சுட்டுத்தான் சொன்னா.

அந்தத் தாளைக் குடுங்க. மடிக்க வேண்டாம், அப்படியே குடுங்க. அடுத்த ஸ்டாப்புல நான் இறங்கணும்.

இல்லீங்க, தண்ணி வேண்டாம். சும்மா வருத்தமா இருக்கு, அவ்வளவுதான்.

உடம்புக்கா? உடம்புக்கு ஒண்ணும் இல்லீங்க. மனசுக்குத்தான். பாருங்க, நீங்களும் அந்தச் சென்னைக்காரி மாதிரியே திருப்பிக் கேக்கறீங்க.